கப்பல் சுற்றுலாவில் கார் சீட்: எதை எடுப்பது, எங்கே மாட்டுவது

கப்பலுக்குள் குழந்தையின் கார் சீட்டுக்கு ஒரு வேலையும் இல்லை. ஏழு நாள் பயணத்தில் ஏறக்குறைய முழு நேரமும் அது கேபின் அலமாரியின் அடியில்தான் கிடக்கும். மிஞ்சிய சில மணி நேரத்தில், விமான நிலையத்திலிருந்து துறைமுகம் போகும் நெடுஞ்சாலையிலும் முன்பின் தெரியாத தீவு டாக்சியிலும், அது இல்லாமல் குழந்தையை ஏற்றவே கூடாது. இதனால்தான் குடும்பங்கள் இரண்டு விதமாகத் தடுமாறுகின்றன. சிலர் வீட்டுக் காரில் இருக்கும் 12 கிலோ சீட்டைக் கழற்றி இழுத்துக்கொண்டு போய்ப் பாதி வழியிலேயே நொந்துபோகிறார்கள். சிலர் "கப்பல்ல எதுக்கு கார் சீட்?" என்று வெறுங்கையோடு போய், டாக்சி வரிசையில் நிற்கும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதா என்று யோசிக்கிறார்கள்.

விமானத்தில் ஃப்ளோரிடா போய், அங்கிருந்து கரீபியன் கப்பல் ஏறும் குடும்பங்களை மனதில் வைத்தே இங்கே எழுதியிருக்கிறோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம்மவர்கள் அதிகம் போகும் வழி அதுதான். அலாஸ்காவும் சிங்கப்பூரும் இடையில் வரும்.

சீட் வாங்கும் முன் சாலைகளை எண்ணுங்கள்

ஒரு தாளில், வீட்டு வாசலிலிருந்து வீடு திரும்பும்வரை குழந்தை சக்கர வாகனத்தில் ஏறும் ஒவ்வொரு தடவையையும் வரிசையாக எழுதுங்கள். பத்து மாதக் கைக்குழந்தையும் நான்கு வயதுப் பிள்ளையும் உள்ள குடும்பம் ஆர்லாண்டோவில் இறங்கி, போர்ட் கனாவெரலில் கப்பல் ஏறி, பஹாமாஸ் தலைநகர் நாசா (Nassau), செயின்ட் தாமஸ் தீவு போய்த் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து விமான நிலையம், ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து ஓட்டல், ஓட்டலிலிருந்து துறைமுகம், நாசாவில் ஒரு கடற்கரை, செயின்ட் தாமஸில் ஒரு கடற்கரை, திரும்பத் துறைமுகத்திலிருந்து விமான நிலையம், கடைசியில் வீடு. கடற்கரைகளுக்குப் போகவர இரண்டு தடவை என்று கொண்டால் மொத்தம் ஒன்பது சவாரி.

இப்போது ஒவ்வொன்றையும் நீக்க முடியுமா என்று பாருங்கள். நாசாவில் ஜங்கனூ கடற்கரைக்குக் கப்பல் துறையிலிருந்து நடந்தே போகலாம். இரண்டு சவாரி கழிந்தது. துறைமுகத்துக்கு அருகிலேயே ஓட்டல் எடுத்தால்கூட விமான நிலையத்திலிருந்து அங்கே போகும் சவாரியை நீக்க முடியாது. ஆர்லாண்டோ விமான நிலையத்துக்கும் போர்ட் கனாவெரலுக்கும் இடையே சுமார் 72 கிலோமீட்டர் நெடுஞ்சாலை. முக்கால் மணி நேரத்துக்கு மேல் எல்லா வண்டிகளும் வேகமாகப் பறக்கும் பாதை அது. மயாமி விமான நிலையத்திலிருந்து மயாமி துறைமுகம் 13 கிலோமீட்டர் அளவில்தான். ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத்திலிருந்து போர்ட் எவர்கிளேட்ஸ் மூன்று, நான்கு கிலோமீட்டர். விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஃபோர்ட் லாடர்டேலில் இறங்கி மயாமியில் கப்பல் ஏறினால், அந்தச் சேமிப்புக்கு விலையாக 45 கிலோமீட்டர் சாலை சேர்ந்துகொள்ளும். கைக்குழந்தை உள்ள குடும்பம் எந்தத் துறைமுகம் என்பதைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் கணக்கில் வைப்பது நல்லது.

சொந்தக் காரில் துறைமுகத்துக்கே ஓட்டிப்போய் நிறுத்துபவர்களுக்குக் கவலை பாதி குறைவு. பெரிய சீட் காரிலேயே இருக்கட்டும். தீவுகளில் என்ன செய்வது என்பது மட்டும்தான் மிச்சம். உறவினர் யாராவது இறக்கிவிட வந்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: சீட் அவர் காரில் திரும்பிப் போகிறதா, உங்களோடு கப்பலுக்கு வருகிறதா என்பதை முந்தைய நாளே முடிவு செய்துவிடுங்கள். துறைமுக வாசலில் பின்னால் வண்டிகள் ஹார்ன் அடிக்கும்போது முடிவெடுக்க நேரம் இருக்காது.

கப்பல் நிறுவனத்தின் சொந்த டிரான்ஸ்ஃபர் பேருந்தை எடுப்பவர்களுக்கு இன்னொரு கேள்வி. அமெரிக்காவில் 2016 நவம்பர் இறுதிக்குப் பின் தயாரான பெரிய சொகுசுப் பேருந்துகளில் தோள்பட்டையோடு சேர்ந்த சீட் பெல்ட் கட்டாயம். பழைய பேருந்துகளில் பெல்ட்டே இல்லாமலும் இருக்கும். பெல்ட் இல்லாத பேருந்தில் எவ்வளவு நல்ல கார் சீட்டும் வெறும் சுமைதான். முன்பதிவு செய்யும்போதே "பேருந்தில் சீட் பெல்ட் உண்டா?" என்று கேளுங்கள்.

ஃப்ளோரிடா சட்டப்படி 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கீகாரம் பெற்ற பாதுகாப்பு இருக்கை வேண்டும். 3 வயது முடியும்வரை தனி கார் சீட் அல்லது வாகனத்திலேயே பொருத்திய குழந்தை இருக்கை; 4, 5 வயதுக்குப் பூஸ்டரும் (வண்டியின் பெல்ட் சரியாகப் படியும்படி பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை) செல்லும். வாடகை டாக்சி, வேன், லிமோசின் ஓட்டுநர்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் அதே சட்டம், குழந்தைக்கான பொறுப்பு பெற்றோருடையது என்றும் சொல்கிறது. "டாக்சியில் தேவையில்லையாம்" என்று பாதி மட்டும் கேள்விப்பட்டு வருபவர்கள் மறுபாதியை விட்டுவிடுகிறார்கள்.

எந்தச் சீட் கப்பலுக்கு ஏற்றது

வீட்டுக் காரில் இருக்கும் பெரிய கன்வர்டிபிள் சீட் (பின்நோக்கியும் முன்நோக்கியும் மாட்டக்கூடியது) 9 முதல் 13 கிலோ வரை இருக்கும். பயணத்துக்கு அதை எடுக்காதீர்கள். எடை ஒரு காரணம்; கேபின் இன்னொரு காரணம். உள்பக்கக் கேபினின் மொத்தப் பரப்பே பெரும்பாலும் 150 முதல் 185 சதுர அடி. அதில் இரண்டு கட்டில், பெட்டிகள், தொட்டில் எல்லாம் இருக்கும்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் கைப்பிடி வைத்த இன்ஃபன்ட் சீட்தான் முதல் தேர்வு. எடை நான்கைந்து கிலோ. அடித்தட்டை வீட்டிலேயே விட்டுவிடலாம். அது இல்லாமல் சீட் பெல்ட்டால் மட்டும் மாட்டும் வழி பெரும்பாலான சீட்களில் உண்டு. கிளம்பும் முன் வீட்டுக் காரில் அடித்தட்டு இல்லாமல் மூன்று தடவையாவது மாட்டிப் பழகுங்கள். கூடவே அந்தச் சீட் ஏறி உட்காரும் ஸ்ட்ரோலர் சட்டம் இருந்தால் விமான நிலையத்திலும் கப்பல் தளத்திலும் அதுவே தள்ளுவண்டி. சக்கரம் உள்ளேயே மடங்கும் டூனா மாதிரி சீட்டும் இந்தப் பயணத்துக்குப் பொருந்தும். அது ஏழரைக் கிலோ என்றாலும் ஸ்ட்ரோலரின் எடை மிச்சமாகிறது. குழந்தை 35 பவுண்டு, அதாவது 16 கிலோ, அல்லது 32 அங்குல உயரத்தைத் தாண்டினால் அது உதவாது. எடையைவிட உயரம்தான் முதலில் முட்டும். பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் 6 மாதம் நிறைந்த குழந்தையைத்தான் ஏற்றும், பெருங்கடல் கடக்கும் பயணங்களுக்கு 12 மாதம் கேட்கும் என்பதையும் டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று முதல் நான்கு வயது வரை எடை குறைந்த கன்வர்டிபிள் சீட். காஸ்கோ சினேரா நெக்ஸ்ட் போன்றவை மூன்றரைக் கிலோ அளவில் இருக்கும், 100 டாலருக்குள் கிடைக்கும், பின்நோக்கியும் முன்நோக்கியும் மாட்டலாம், விமானத்துக்கும் சான்று உண்டு. குறையும் உண்டு. இதைச் சாய்க்க முடியாது. பின்நோக்கி மாட்டும்போது சில கார்களில் சீட் நிமிர்ந்து நிற்கும், சிறு குழந்தையின் தலை முன்னால் தொங்கும். கையேடு அனுமதித்தால் முன் விளிம்புக்கு அடியில் இறுக்கிச் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்துச் சரிசெய்யலாம். அந்தத் துண்டைத் தேடும் வேலை டாக்சியில் வேண்டாம்; ரப்பர் பேண்ட் போட்டுச் சீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். "பயணம்தானே" என்று பின்நோக்கி உட்காரும் குழந்தையை முன்நோக்கித் திருப்பிவிடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. அது தவறு. சீட்டின் எடை, உயர வரம்பை எட்டும்வரை பின்நோக்கியே இருக்கட்டும் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. 2018-ல் அவர்கள் "இரண்டு வயது வரை" என்ற கணக்கையே எடுத்துவிட்டார்கள்.

நான்கு வயதும் 40 பவுண்டும் தாண்டிய, வழியெல்லாம் நிமிர்ந்து உட்காரக்கூடிய பிள்ளைக்குப் பயணப் பூஸ்டர் போதும். காற்றடைக்கும் பபிள்பம் அரைக் கிலோ அளவில்தான். மடித்துக் கைப்பையில் போடும் மைஃபோல்டு இன்னொரு வகை. இரண்டுக்கும் ஒரே நிபந்தனை: தோள்பட்டையையும் இடுப்பையும் பிடிக்கும் பெல்ட் இருக்க வேண்டும். இடுப்புப் பெல்ட் மட்டும் உள்ள இடத்தில் பூஸ்டர் கூடாது. மோதலின்போது மேலுடம்பு முன்னால் மடிந்து, பெல்ட் வயிற்றுக்குள் இறங்கும். தூங்கி விழும் பிள்ளைக்கும் பூஸ்டர் சரிவராது. கப்பலிலிருந்து இறங்கிய களைப்பில் நாற்பது நிமிடச் சவாரியில் நான்கு வயதுப் பிள்ளை தூங்காமல் வருவது அபூர்வம். அந்த வயதுக்கு நாம் சொல்வது, வரம்பு இருக்கும்வரை ஐந்து வார் கொண்ட சீட்டையே எடுங்கள்.

விமானத்தில் மட்டும் பயன்படும் கேர்ஸ் வார் ஒன்று உண்டு: 22 முதல் 44 பவுண்டு எடை, 40 அங்குல உயரம் வரை. நல்ல பொருள்தான். ஆனால் காரில் மாட்டக் கூடாது. கப்பல் பயணிக்குக் கார் சீட் எப்படியும் வேண்டும் என்பதால் இது இரட்டைச் செலவு.

வாடகைக் கார் நிறுவனத்திடமோ டாக்சி நிறுவனத்திடமோ சீட் வாங்குவதில் உள்ள சிக்கல், அதன் வரலாறு உங்களுக்குத் தெரியாது என்பது. வேறு வழியில்லை என்றால் கையில் வாங்கியதும் மூன்றைப் பாருங்கள். சீட்டின் பிளாஸ்டிக் ஓட்டின் அடியிலோ பின்புறமோ தயாரிப்புத் தேதியும் காலாவதித் தேதியும் இருக்கும். சாதாரணமாக 6 முதல் 10 ஆண்டு ஆயுள். வார்களில் முறுக்கோ நைந்த நூலோ இருக்கக் கூடாது. ஓட்டில் வெள்ளைக் கீறல் தெரிந்தால் பிளாஸ்டிக் ஒருமுறை வளைந்திருக்கிறது என்று அர்த்தம், வேறு கேளுங்கள்.

விமானத்துக்குள்

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மடியில் வைத்துப் பறக்க அமெரிக்க விதி அனுமதிக்கிறது. அதே விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ., தனி இருக்கையில் கார் சீட்டில் வைப்பதையே வலியுறுத்துகிறது. கப்பல் பயணிக்கு இதில் இன்னொரு லாபம், சீட் கண்முன்னாலேயே இருக்கிறது. சரக்கில் போட்டால் வேறு ஊருக்குப் போகலாம், அடிபடலாம். பெட்டி தொலைந்தால் மறுநாள் வரும். கார் சீட் தொலைந்தால் அன்று மாலை ஓட்டலுக்கே போக முடியாது.

குழந்தைக்கு டிக்கெட் எடுக்கும்போது பிறந்தநாளைப் பாருங்கள். பயணத்தின் நடுவே இரண்டு வயது நிறைந்தால் திரும்பும் விமானத்துக்குத் தனி இருக்கை வாங்கியாக வேண்டும்.

சீட்டின் ஒட்டுத்தாளில் வாகனத்திலும் விமானத்திலும் பயன்படுத்தச் சான்று பெற்றது என்ற பொருளில் சிவப்பு எழுத்து வரி ஒன்று இருக்கும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருங்கள். விமானப் பணியாளர் கேட்டால் குழந்தையைத் தூக்கிச் சீட்டைக் கவிழ்க்க வேண்டியிருக்காது. பூஸ்டருக்கு இந்தச் சான்று கிடையாது. விமானம் மேலே கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும் அதில் பிள்ளையை உட்காரவைக்க விடமாட்டார்கள்.

ஜன்னலோர இருக்கையே எடுங்கள், அவசர வழிக்கும் அதற்கு முன்பின் வரிசைகளுக்கும் போகாதீர்கள். மற்றவர் வெளியேறும் வழியைச் சீட் மறிக்கக் கூடாது என்பதுதான் காரணம். அகலம் 16 அங்குலத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் எந்த இருக்கையிலும் பொருந்தும். அதற்கு மேல் போனால் கைப்பிடியைத் தூக்கிவிட்டு மாட்டிப் பார்க்கலாம். முன்நோக்கி மாட்டும்போது விமானப் பெல்ட்டின் பக்கிள் சரியாகக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் வந்து குத்தும். இறங்கும்போது அதைத் திறக்க விரல் போகாது. பக்கிளின் திறக்கும் பக்கம் வெளியே தெரியும்படி முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சரக்கில்தான் போட வேண்டும் என்றால், விமான வாசல் வரை எடுத்துப்போய் அங்கே கொடுங்கள். பல அமெரிக்க விமான நிறுவனங்கள் கார் சீட்டுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. தடித்த பையில் போட்டு, தளர்ந்த வார்களையெல்லாம் உள்ளே சொருகி, பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய அட்டையைக் கட்டுங்கள். கைக்குக் கிடைத்ததும் உள்ளிருக்கும் தெர்மோகோல் உடைந்திருக்கிறதா, இறுக்கும் வார் இழுபடுகிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள். வெளியே வந்தபின் புகார் செய்தால் எடுபடாது.

நிலையத்துக்குள் சுமக்க ஒரு வழி: சக்கரப் பெட்டியின் கைப்பிடியை நீட்டி, சீட்டின் முதுகைப் பெட்டியோடு ஒட்டிவைத்து, சீட்டைக் காரின் வளையங்களில் மாட்டும் கீழ்க்கொக்கி வாரைக் கைப்பிடியைச் சுற்றி மாட்டி இறுக்குங்கள். பெட்டியும் சீட்டும் ஒன்றாக உருளும். அதில் குழந்தையை உட்காரவைத்து இழுப்பவர்களும் உண்டு. சற்றே சாய்ந்தாலும் பின்பக்கமாகக் கவிழும் என்பதால் அதை நாம் சொல்வதில்லை.

டாக்சியில் ஐந்து நிமிடம்

அவசரத்தில்தான் தவறு நடக்கும். இரண்டு பெரியவர்கள் இருந்தால் வேலையைப் பிரியுங்கள்: ஒருவர் குழந்தையையும் பெட்டிகளையும் பார்க்கட்டும், மற்றவர் சீட்டை மட்டும் மாட்டட்டும். கீழ்க்கொக்கி லேட்ச் முறை அமெரிக்கக் கார்களில் 2002 செப்டம்பர் முதல் கட்டாயம் என்றாலும், டாக்சியில் சீட் பெல்ட்டையே பயன்படுத்தப் பழகுங்கள். கொக்கி வளையங்கள் இருக்கை இடுக்கில் புதைந்திருக்கும், தீவு வண்டியில் இல்லாமலே இருக்கும். பெல்ட் முறை ஒன்றைத் தெரிந்துகொண்டால் மயாமியிலும் நாசாவிலும் அதுவே உதவும். கையேடு சொன்னாலொழிய இரண்டையும் சேர்த்து மாட்டாதீர்கள்.

1. குழந்தை எப்போதும் பின் இருக்கையில்தான். முன்னால் ஏர்பேக் உள்ள இடத்தில் பின்நோக்கிய சீட்டை வைக்கவே கூடாது.

2. பெல்ட்டைக் கொஞ்சமாக இழுத்துத் தோள்பகுதி இருக்கிறதா, பக்கிள் கிளிக் என்று விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் அடுத்த டாக்சி.

3. சீட்டை வைத்து, பெல்ட்டை அதற்கான வழியில் முறுக்கில்லாமல் நுழைத்து மாட்டுங்கள். பின்நோக்கி, முன்நோக்கி இரண்டுக்கும் வழிகள் வேறு. ஓட்டின் பக்கவாட்டில் குறித்திருக்கும்.

4. தோள் பெல்ட்டை முழுவதும், கடைசி அங்குலம் வரை, மெல்ல வெளியே இழுத்துப் பிறகு உள்ளே விடுங்கள். டக் டக் என்ற சத்தத்தோடு உள்ளே போய், மறுபடி இழுத்தால் வரவில்லை என்றால் அது பூட்டிக்கொண்டது. அமெரிக்காவில் 1996 மாடலுக்குப் பின் வந்த கார்களில் பெல்ட் ஏதோ ஒரு வகையில் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி.

5. முழங்கையாலோ முழங்காலாலோ சீட்டை இருக்கைக்குள் அழுத்திக்கொண்டே மீதித் தளர்வை உள்ளே விடுங்கள். பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. மேல் நுனியைப் பிடித்து ஆட்டினால் எந்தச் சீட்டும் ஆடும். அதைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

6. முன்நோக்கிய சீட் என்றால் மேலிருக்கும் டெதர் வாரை இருக்கைக்குப் பின்னாலுள்ள கொக்கியில் மாட்டி இறுக்குங்கள். இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். மோதலில் தலை எவ்வளவு தூரம் முன்னால் போகும் என்பதை அதுதான் கட்டுப்படுத்துகிறது.

7. குழந்தையை உட்காரவைத்து வாரை இறுக்குங்கள். பின்நோக்கிய சீட்டில் வார் தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும், முன்நோக்கியதில் தோள்மட்டத்திலோ சற்று மேலிருந்தோ. காறை எலும்பு அருகே வாரைக் கிள்ளிப் பாருங்கள். விரலிடையில் மடிப்புச் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். மார்புக் கிளிப் அக்குள் உயரத்தில் இருக்கட்டும், வயிற்றில் அல்ல.

பெல்ட் பூட்டவே பூட்டாத வண்டியும் வரும், அமெரிக்காவுக்கு வெளியே அடிக்கடி. அதற்காகத்தான் லாக்கிங் கிளிப் என்ற இரும்புத் துண்டு இருக்கிறது. பார்க்க ஆங்கில எச் எழுத்துப் போல இருக்கும். சில சீட்களின் முதுகில் சொருகியே வரும், பலர் அது என்னவென்று தெரியாமல் கழற்றி எறிந்துவிடுவார்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடித்து, பக்கிள் நாக்கை ஒட்டி ஓர் அங்குலத்துக்குள், இடுப்புப் பகுதியையும் தோள் பகுதியையும் சேர்த்து இந்தக் கிளிப்பில் மாட்ட வேண்டும். தள்ளி மாட்டினால் பிடிக்காது. சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்வும் பூட்டு இருந்தால் கிளிப் தேவையில்லை.

சீட்டோடு வரும் வாடகை வண்டியைப் பதிவு செய்பவர்கள் "கார் சீட் உண்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பின்நோக்கி மாட்ட முடியுமா, எத்தனை பவுண்டு வரை, எத்தனை சீட் என்று கேளுங்கள். செயலியில் பதிவு செய்யும் கார் சீட் டாக்சிகளில் சாதாரணமாக ஒரே ஒரு சீட்தான் வரும். இரண்டு குழந்தை என்றால் போதாது. ஓட்டுநர் மாட்டித் தந்தாலும் ஐந்தாம் படியிலுள்ள ஓர் அங்குலச் சோதனையை நீங்களே செய்யுங்கள்.

துறைமுகத்திலும் கேபினிலும்

ஏறும் நாளில் போர்ட்டரிடம் பெட்டிகளோடு கார் சீட்டையும் கொடுத்துவிடலாம். அடுத்த துறைமுகம்வரை அது தேவையில்லை, கேபினுக்கு மாலைக்குள் வந்துசேரும். பையில் போட்டு, கப்பல் நிறுவனம் தரும் பெட்டி அட்டையைப் பையிலும் சீட்டின் ஓட்டிலும் இரண்டு இடத்தில் கட்டுங்கள். பையில்லாமல் கொடுத்தால் வார்கள் கன்வேயரில் மாட்டும்.

கேபினில் வைக்க இடம்: அலமாரியில் துணி தொங்கும் பகுதியின் அடி, அல்லது சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே. கட்டிலுக்கு அடியில் பெட்டிகள் போகும், சாதாரணக் கார் சீட் போகாது. பால்கனியில் வைக்க வேண்டாம். உப்புக்காற்று பக்கிளின் ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். காற்று பலமாக வீசினால் சீட்டே கடலுக்குப் போகும். நடைபாதையிலும் வைக்க முடியாது, ஸ்ட்ரோலரும் அப்படித்தான். அவசர வழி என்பதால் ஊழியர்கள் எடுத்துவிடுவார்கள். பல கப்பல்களில் சாதாரணக் கேபின் கதவு 22, 23 அங்குல அகலம்தான், இரட்டை ஸ்ட்ரோலர் நுழையாது.

தொட்டிலுக்குப் பதிலாக இன்ஃபன்ட் சீட்டிலேயே குழந்தையை இரவு தூங்கவைக்கலாம் என்ற எண்ணம் சிலருக்கு வரும். கூடாது. காரில் மாட்டியபோது உள்ள சாய்வு தரையில் வைக்கும்போது இருக்காது. தலை மார்பில் கவிழ்ந்து மூச்சு அடைபடும், வார் தளர்ந்திருந்தால் கழுத்தில் இறுகும். கப்பல் ஆட்டம் வேறு. பெரும்பாலான நிறுவனங்கள் மடக்குத் தொட்டிலை இலவசமாகவே தருகின்றன. எண்ணிக்கை குறைவு என்பதால் டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

தீவில் இறங்கும்போது

இறங்கும் ஒவ்வோர் ஊரிலும் இரண்டு கேள்வி. கப்பல் துறையிலேயே கட்டுமா, தள்ளி நிற்கும் கப்பலிலிருந்து டெண்டர் என்ற சிறு படகில் கரைக்குப் போக வேண்டுமா? போகும் வாகனத்தில் பெல்ட் உண்டா?

கிராண்ட் கேமனில் ஜார்ஜ்டவுனுக்குப் பெரும்பாலும் டெண்டர் படகு. குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆடும் படிக்கட்டில் கார் சீட்டையும் தூக்குவது ஆபத்து. சீட்டைப் படகு ஊழியரிடம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு நீங்கள் ஏறுங்கள். முதுகில் மாட்டும் வார் வைத்த பை இங்கேதான் காசுக்கு வேலை செய்யும்.

செயின்ட் தாமஸில் சஃபாரி டாக்சிகள் பிரபலம்: டிரக்கின் பின்பகுதியில் வரிசையாகப் பெஞ்ச் போட்டு, பக்கங்கள் திறந்த வண்டிகள். பெல்ட் கிடையாது, கார் சீட்டை மாட்ட வழியே இல்லை. மேகன்ஸ் பே கடற்கரைக்குப் போவது மலைவளைவுச் சாலை. மூடிய வேன் டாக்சியைக் கேட்டு, பெல்ட்டை நீங்களே பார்த்துவிட்டு ஏறுங்கள். கிடைக்கவில்லை என்றால் துறையருகே நடந்து சுற்றிவிட்டுக் கப்பலுக்குத் திரும்புவதுதான் சரி. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு, பாதிப்பேர் இறங்கிப் போய்விட்ட கப்பலின் நீச்சல்குளமும் மோசமில்லை.

பஹாமாஸ், கேமன், ஜமைக்கா, செயின்ட் தாமஸ் எல்லாவற்றிலும் வண்டிகள் இடப்பக்கம் ஓடும். அமெரிக்காவிலிருந்து வந்தவர்களுக்குப் பழகிய நடைமேடைப் பக்கம் மாறிவிடும். குழந்தையை ஏற்றி இறக்கும் கதவு போக்குவரத்துப் பக்கம் திறக்கவில்லையே என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

மெக்சிகோவின் கொசுமெல் தீவில் புன்டா லங்கோஸ்டா துறையில் கட்டினால் ஊருக்குள்ளேயே இறங்குவீர்கள், நடந்தால் போதும். மற்ற இரண்டு துறைகள் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி. எந்தத் துறை என்பது கப்பலைப் பொறுத்தது.

பெல்ட்டை உங்களுக்கும் மடிக் குழந்தைக்கும் சேர்த்துக் கட்டிக்கொள்வது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். மோதினால் உங்கள் முழு எடையும் பெல்ட்டுக்கும் உங்களுக்கும் நடுவிலுள்ள குழந்தை மீது விழும்.

அலாஸ்கா இந்த விஷயத்தில் பெற்றோருக்குச் சாதகம். ஸ்கேக்வேயிலும், ஊர்த்துறையிலேயே கட்டினால் கெட்சிகனிலும், கப்பலிலிருந்து இறங்கினால் ஊர் நடக்கும் தூரம்தான். ஸ்கேக்வேயின் வொயிட் பாஸ் ரயிலுக்குக் கார் சீட் வேண்டாம். ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாற்றுக்கு மட்டும் 20 கிலோமீட்டர் அளவில் சாலைப் பயணம். அங்கே வரும் தவறு குளிர்ச்சட்டை. பஞ்சு அடைத்த தடித்த ஜாக்கெட்டோடு வாரைக் கட்டினால் இறுக்கமாகத் தெரியும். மோதலில் பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றி, வாரைக் கட்டிவிட்டு, அதைத் திருப்பி மேலே போர்த்துங்கள்.

சென்னையிலிருந்து போய்ச் சிங்கப்பூரில் கப்பல் ஏறும் குடும்பங்களுக்கு: அங்கே 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். டாக்சிகளுக்கு விலக்கு உண்டு. செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் கார்களுக்கு அந்த விலக்கு இல்லை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் விமான நிலையத்தில் குழப்பம் வரும். குழந்தை இருக்கையோடு வரும் வகையையே பதிவு செய்தால் தீர்ந்தது.

மணலும் உப்பும்

கடற்கரையிலிருந்து திரும்பும்போது சீட்டின் பெரிய எதிரி கால்களுக்கு நடுவிலுள்ள பக்கிளுக்குள் விழும் மணல். கிளிக் சத்தம் மந்தமாகும், பிறகு பாதி மாட்டியும் மாட்டியதுபோலத் தெரியும். குழந்தையை உட்காரவைக்கும் முன் துண்டால் துடைத்து, பக்கிளை மெல்லிய துணியால் மூடிவையுங்கள்; வெயிலில் கொதிக்கும் இரும்பு தொடையைச் சுடாமலும் இருக்கும். மணல் உள்ளே போய்விட்டால் கேபினில், கையேடு சொல்லும் முறையில், பக்கிளை மட்டும் வெந்நீர் ஊற்றி அலசி உதறி, காயவிட்டுச் சோதியுங்கள். எண்ணெய் விடக் கூடாது. எண்ணெய் இன்னும் மணலைப் பிடிக்கும். வாரைச் சோப்பில் ஊறவைப்பதும் கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஈர உடையோடு உட்காரும் குழந்தைக்கு முதுகுக்குப் பின்னால் தடித்த துண்டை வைக்காதீர்கள், ஜாக்கெட்டுக்குச் சொன்ன காரணமே இதற்கும்.

இறங்கும் நாள்

ஏறும் நாளின் கணக்கு இங்கே தலைகீழ். கடைசி இரவில் பெட்டிகளைக் கேபின் வாசலில் வைத்தாலும் கார் சீட்டை வைக்காதீர்கள். காலையில் கையிலேயே எடுத்துப்போங்கள். பெட்டிக் கூடத்தில் ஒரு பெட்டி காணவில்லை என்றால் காத்திருக்கலாம், அனுப்பிவைக்கச் சொல்லலாம். சீட் காணவில்லை என்றால் டாக்சிக்கே போக முடியாது. கைப்பையில் இரண்டு டயப்பர், தண்ணீர், சுருட்டிய துண்டு, லாக்கிங் கிளிப் இருக்கட்டும். காலை எட்டரை மணிக்குத் துறைமுக வாசலில் டாக்சி வரிசை நீளும், வெயிலும் ஏறும்.

வீட்டுக்கு வந்ததும் பயணச் சீட்டை அப்படியே மேலே தூக்கிவைத்துவிடாதீர்கள். உறையைக் கழற்றி மணலை உதறி, தெர்மோகோலைப் பார்த்து, பக்கிளைப் பத்துத் தடவை மாட்டிக் கழற்றிவிட்டுக் காலாவதித் தேதியைப் பையின் மேல் பெரிதாக எழுதிவையுங்கள். காரில் பழைய சீட்டைத் திரும்ப மாட்டும்போது, கிளம்பும் அவசரத்தில் கழற்றிய டெதர் வாரையும் மறக்காமல் கொக்கியில் மாட்டுங்கள்.